மருந்துச் செலவும் முதலாளியின் கடமையும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் படித்தோர், அதன் இறுதிக் குறளில் ஆசிரியர் மருத்துவத்தை நான்கு உறுப்புக்களாகப் பகுத்திருப்பதை அறிவர். பிணியுற்றவன், அவனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தைக் கொடுப்பவன் என்பனவே அந்நான்கு. முதல் மூன்றையும் பற்றி உலகம் மிகுதியாகச் சிந்தித்திருக்கிறது. மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன; ஆராய்ச்சிக் கூடங்கள் பெருகின; புதிய மருந்துகள் வந்தன. ஆனால் எழுதிக் கொடுத்த மருந்து நோயாளியின் வாயிற் சென்று சேரும்படி பார்க்கும் கடமை யாருடையது என்னும் வினாவை நாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்மக்களின் பொறுப்பில் விட்டுவிட்டு வாளாவிருந்தோம். அவ்வினா இக்காலத்துத் தொழிலுலகில் எவ்வாறு எழுந்திருக்கிறது என்பதையும், அதற்கு முதலாளிமார் கூறத்தகும் விடை யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா சிறிதன்று. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், செல்வம் மிக்க நாடுகளிலேயே நெடுநாள் நோயாளரில் ஏறக்குறையப் பாதிப்பேர்தாம் விதித்தபடி மருந்து உட்கொள்கின்றனர் என்றும், வறிய நாடுகளில் அத்தொகை இன்னும் குறைவு என்றும் கூறியிருக்கிறது. மருத்துவர் எழுதும் சீட்டுக்களிற் பாதி பயனின்றிப் போகின்றது என்றால், புதிய மருந்தொன்றைக் கண்டுபிடிப்பதினும் உள்ள மருந்தை உண்ணச் செய்வது பெரும் பயன் தரும் செயலாகலாம் என்பது வெளிப்படை.

மக்கள் மருந்தை ஏன் விடுகின்றனர்? அறியாமையும் சோம்பலுமே காரணம் என்று கூறிவிடுதல் எளிது, அது நியாயமன்று. வலியும் காய்ச்சலும் உள்ளவன் மருந்தை மறவான். அவனது வருத்தமே அவனை ஏவும். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இரத்தத்திற் கொழுப்பு மிகுதல் ஆகிய நோய்களோ அத்தன்மையன அல்ல. அவை ஓசையின்றி உள்ளுறைவன. இன்று மாத்திரையை உண்டவனுக்கு இன்றே சுகம் தோன்றுவதில்லை. உண்ணாதவனுக்கு இன்றே துன்பம் வருவதுமில்லை. பயன் பத்தாண்டுகளுக்கு அப்பால் நிற்கிறது. செலவோ இன்று மாலையே வந்து நிற்கிறது. மறதியும், மருந்தினால் விளையும் உபத்திரவங்களைப் பற்றிய அச்சமும், மருத்துவர் விளங்கச் சொல்லாமையும் இவற்றுடன் சேர்கின்றன. இக்காரணங்களுள் முதலாளியின் கையில் நேரே அடங்கியது செலவு ஒன்றே. ஆதலின் அதனைப் பற்றியே முதலில் ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற களம் அமெரிக்க ஐக்கிய நாடுகளாகும். அங்கே தொழிலாளரின் வைத்தியச் செலவு முதலாளியைச் சார்ந்து நிற்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூலி உயர்வு கட்டுப்படுத்தப்பட்டது. கூலியை உயர்த்தலாகாதெனினும் வைத்திய இன்ஷியூரன்ஸ் முதலிய சகாயங்களை அளிக்கத் தடையில்லாமையால், ஆள் பற்றாக்குறையால் வருந்திய கம்பெனிகள் அவ்வழியே தொழிலாளரைத் தம்பால் ஈர்த்தன. 1954-ஆம் ஆண்டின் வரிச் சட்டம் இச்சகாயத்துக்கு வருமான வரி விலக்கை உறுதிப்படுத்தியது. இவ்வாறு யுத்தகாலத் தந்திரமாகத் தோன்றியது நாளடைவில் ஒரு தேசத்தின் வழக்கமாகவே நிலைத்துவிட்டது.

செலவு பெருகப் பெருக, அதில் ஒரு பகுதியைத் தொழிலாளரும் ஏற்க வேண்டும் என்னும் கொள்கை எழுந்தது. மருந்து வாங்குந்தோறும் நோயாளி தன் கையிலிருந்து ஒரு பங்குப்பணம் செலுத்த வேண்டும். சில திட்டங்களில் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு குறித்த தொகை வரையில் முழுச் செலவையும் அவனே ஏற்க வேண்டும். இக்கொள்கைக்கு ஆதாரமின்றி இல்லை. இலவசமாகக் கிடைப்பதை மக்கள் அளவின்றிப் பயன்படுத்துவர் என்பது உலகியல் அறிந்தோர் கூற்று. ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்பது நம்மவர் பழமொழியும் அன்றோ? இதனைச் சோதிக்கும் பொருட்டு ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தார், ஜோசப் நியூஹவுஸ் என்னும் பொருளாதார அறிஞரின் தலைமையில், 1974 முதல் 1982 வரை ஒரு பெரும் பரீட்சை நடத்தினர். சுமார் 2,750 குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கியதுபோற் பிரித்து, சிலருக்கு வைத்தியத்தை முற்றும் இலவசமாகவும், பிறருக்குச் செலவில் நூற்றுக்கு 25, 50, 95 என்ற விகிதங்களில் பங்கு விதித்தும் அளித்தனர். மிகுதியான பங்கு விதிக்கப்பட்டோர், இலவசமாகப் பெற்றோரினும் ஏறக்குறைய நூற்றுக்கு 30 குறைவாகவே செலவு செய்தனர். சராசரி மனிதனது உடல்நலம் இதனாற் பெரிதும் கெட்டதாகத் தோன்றவில்லை.

இம்முடிவைக் கண்டு கணக்கர் மகிழ்ந்தனர். ஆனால் அதே பரீட்சையின் வேறிரண்டு முடிவுகளை அவர்கள் அவ்வளவு ஊன்றிப் படித்தாரில்லை. ஒன்று, பங்குப்பணம் விதிக்கப்பட்டோர் பயனற்ற வைத்தியத்தை மட்டும் விட்டு, பயனுள்ளதைக் கைக்கொள்ளவில்லை. இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவாகவே குறைத்தனர். மற்றொன்று, ஏழைகளுள் இரத்தக் கொதிப்புடையோருக்கு இலவச வைத்தியம் நன்மை செய்தது. பங்குப்பணம் அந்நன்மையைத் தடுத்தது. சராசரி மனிதனுக்கு ஊறின்று என்பதனால் யாருக்கும் ஊறின்று என்று கொள்ளுதல் பிழை. சராசரி ஆழம் முழங்கால் அளவே என்று கேட்டு ஆற்றில் இறங்கியவன் மடுவில் மூழ்கலாம்.

நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் நிகழ்ந்தது இதனினும் வருந்தத்தக்கது. ஏழைகளுக்கான அரசாங்க வைத்தியத் திட்டத்தில், 1981-ஆம் ஆண்டில், ஒருவருக்கு ஒரு மாதத்தில் மூன்று மருந்துச் சீட்டுக்களுக்கு மேற் பணம் கொடுப்பதில்லை என்று விதித்தனர். பதினொரு மாதங்களில் அவ்விதி கைவிடப்பட்டது. பல மருந்துகளை நம்பி வாழ்ந்த முதியோரின் மருந்து உபயோகம் அக்காலத்தில் நூற்றுக்கு 35 வரை குறைந்தது. அத்தகைய தடையில்லாத வேறொரு மாகாணத்து முதியோரோடு ஒப்பிடுகையில், பராமரிப்பு இல்லங்களிற் சேரும்படி நேர்ந்தோர் விகிதம் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. விதி நீங்கியபின் மருந்து உபயோகம் பழைய நிலையை அணுகியது. ஆனால் இல்லங்களிற் புகுந்த முதியோர் பெரும்பாலும் தம் வீடு திரும்பவில்லை. மாத்திரையில் மிச்சம் பிடித்த பணம் வேறு வழியே வெளியேறியது ஒருபுறமிருக்க, தம் வீட்டையே இழந்த முதியோருக்கு எந்தக் கணக்கர் ஈடு செய்வார்?

இந்நிலையில், மிச்சிகன் சர்வகலாசாலையைச் சார்ந்த மார்க் பெண்ட்ரிக் என்னும் மருத்துவரும், மைக்கேல் செர்னூ என்னும் பொருளாதார அறிஞரும், பிறரும் ஒரு புதிய நெறியை எடுத்துரைத்தனர். 2001-ஆம் ஆண்டு முதல் எழுத்தில் வந்த அந்நெறியின் சாரம் இதுவே: நோயாளி செலுத்த வேண்டிய பங்கு, மருந்தின் விலையைப் பொறுத்ததாக இருத்தலாகாது, அம்மருந்து அவனுக்குச் செய்யும் நன்மையைப் பொறுத்ததாக இருத்தல் வேண்டும். பெருநன்மை தரும் மருந்துக்குப் பங்கு குறைவாகவோ இல்லாமலோ இருக்கட்டும். ஐயத்துக்கிடமான நன்மை தருவதற்கு மிகுதியாக இருக்கட்டும். ஒரே மருந்தாயினும் ஆள் நோக்கி அதன் மதிப்பு மாறும். ஒரு முறை மாரடைப்புற்றவனுக்குக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உயிர் காக்கும் வேலி. வேறெவ்விதக் குறையுமில்லாத இளைஞனுக்கு அது அத்துணை அவசியமன்று.

இந்நெறி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. வட கரோலினா மாகாணத்து ஆஷ்வில் நகர சபையார், 1990-களின் பிற்பகுதியில், நீரிழிவுள்ள தம் சிப்பந்திகளுக்கு மருந்துகளின் பங்குப்பணத்தைத் தள்ளிக் கொடுத்தனர். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தனர். சிப்பந்தி உள்ளூர் மருந்தாளர் ஒருவரை அடிக்கடி கண்டு, தன் சர்க்கரை அளவைக் காட்டி, ஆலோசனை பெறுதல் வேண்டும். மருந்துச் செலவு ஏறியதாயினும் மொத்த வைத்தியச் செலவு இறங்கியதென்றும், சர்க்கரை அளவு சீர்ப்பட்டதென்றும், நோய்க்காக விடுப்பு எடுத்த நாட்கள் குறைந்தனவென்றும் 2003-ஆம் ஆண்டில் அறிக்கை வந்தது. தபால் முத்திரை இயந்திரங்களுக்குப் பெயர் பெற்ற பிட்னி போவ்ஸ் கம்பெனியார், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிழிவு, ஆஸ்த்மா ஆகியவற்றுக்கான மருந்துகளின் பங்குப்பணத்தைக் குறைத்தனர். பின்னர் 2007-ஆம் ஆண்டில், நீரிழிவு அல்லது இரத்தக் குழாய் நோய் உடைய சிப்பந்திகளுக்குக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளுக்குப் பங்குப்பணம் இல்லாமலே செய்தனர்.

இதனால் விளைந்த பயன் எவ்வளவு? ஈண்டு நாம் உண்மையைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுதல் வேண்டும். பிட்னி போவ்ஸ் சிப்பந்திகளிடையே மருந்து தவறாது உண்ணும் அளவு, அத்தகைய சலுகையில்லாதாரினும் நூற்றுக்கு மூன்று அளவே உயர்ந்ததாக 2010-ஆம் ஆண்டு ஆராய்ச்சி காட்டிற்று. இன்னும் பெரியதொரு பரீட்சை, மாரடைப்புற்று ஆஸ்பத்திரியினின்று வீடு திரும்பிய 5,855 பேரைக் கொண்டு, ஏட்னா இன்ஷியூரன்ஸ் கம்பெனியின் திட்டங்களில் நடைபெற்றது. ஒரு சாராருக்கு மாரடைப்பு மீண்டும் வாராமற் காக்கும் மருந்துகள் முற்றும் இலவசம். மற்றொரு சாராருக்கு வழக்கமான பங்குப்பணம். பங்குப்பணம் செலுத்தியோரில், மருந்து உண்ணும் அளவு அவ்வம் மருந்துக்கேற்ப நூற்றுக்கு 36 முதல் 49 வரையே இருந்தது. இலவசமாகப் பெற்றோரில் அது மேலும் 4 முதல் 6 வரை உயர்ந்தது. ஆராய்ச்சியாளர் முதலிற் குறித்துக்கொண்ட பிரதான முடிவில் ஐயமற நிறுவத்தக்க வேறுபாடு தோன்றவில்லை; எனினும் மாரடைப்பு முதலிய பெருந்துன்பங்களின் மொத்தத் தொகை குறைந்தது. நோயாளர் கையினின்று போன செலவு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. வைத்தியத்தின் மொத்தச் செலவோ மிகவில்லை. 2011-ஆம் ஆண்டில் இம்முடிவுகள் வெளியாயின.

இதனைக் கொண்டு எதிர்ப்பக்கத்தார் மூன்று ஆட்சேபங்கள் கூறுவர்.

முதலாவது, இதனாற் கம்பெனிக்கு லாபமில்லை என்பது. உண்மை, பெரும்பாலும் பெரிய லாபமில்லை. ஆனால் நஷ்டமும் இல்லை என்பதே மேற்கூறிய பரீட்சையின் சாட்சி. கூடுதற் செலவின்றிச் சில சிப்பந்திகளை இரண்டாம் மாரடைப்பினின்று காக்க இயலுமானால், அதனை மறுப்பதற்கு முதலாளி காட்டத்தகும் நியாயம் யாது? தொழிற்சாலையின் இயந்திரத்துக்கு எண்ணெய் இடுவதை லாபக் கணக்கிற் சேர்க்கத் தயங்காதவன், மனிதனுக்கு மருந்திடும்போது மட்டும் உடனே வட்டி கேட்பது முறையன்று. அன்றியும் இத்திட்டத்தை லாபம் தரும் சூழ்ச்சியென்று புகழ்ந்து விற்போர் அதற்குத் தீங்கே செய்கின்றனர். எதிர்பார்த்த லாபம் வாராத ஆண்டில் அவர்களே அதனைக் கைவிடுவர். இதன் நியாயம் நலத்தில் நிற்பது, பணமிச்சத்தில் நிற்பதன்று. மேலும் மருந்துகளின் காப்புரிமைக் காலம் முடியும்தோறும் விலை வீழ்கிறது. கொழுப்பைக் குறைக்கும் அடார்வாஸ்டாடின் என்னும் மருந்து அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நிலையை எய்தியது. அத்தகைய மலிந்த மருந்துக்கும் பங்குப்பணம் வசூலித்தல், கஞ்சத்தனமேயன்றிச் சிக்கனமாகாது.

இரண்டாவது ஆட்சேபம், இலவசமாகக் கொடுத்தும் பாதிப்பேர் உண்ணவில்லையே. ஆதலின் செலவு காரணமன்று என்பது. செலவு ஒன்றே காரணமன்று என்பதே இதனாற் பெறப்படும் சரியான முடிபு. இவ்வுண்மையைக் கண்டறிந்ததில் நம் சென்னைக்கும் பங்குண்டு. 1956-ஆம் ஆண்டில் சேத்துப்பட்டில் ஏற்பட்ட க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தார், க்ஷயரோகிகளை ஆரோக்கிய ஆசிரமத்தில் வைத்தும் வீட்டிலிருத்தியும் ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டனர். வீட்டிலிருந்தே மருந்து உண்டோரும் ஏறக்குறைய அவ்வாறே குணமடைந்தனர் என்னும் 1959-ஆம் ஆண்டு முடிவு உலகெங்கும் க்ஷயரோக சிகிச்சையின் போக்கை மாற்றிற்று. ஆயினும் மருந்து இலவசமாயிருந்தும், நாள் தவறாது உண்ணச் செய்வது எளிதன்று என்பதும் அங்கே தெளிவாயிற்று. ஆதலாற்றான் நோயாளி வாரம் இருமுறை வந்து, ஊழியர் முன்னிலையில் மருந்துண்ணும் முறையை அந்நிலையத்தார் பின்னர் ஆராய்ந்தனர். ஆஷ்வில் நகரத்து மருந்தாளரும், சேத்துப்பட்டு ஊழியரும் செய்த தொழில் ஒன்றே. குறளாசிரியர் கூறிய நான்காம் உறுப்பு அவர்களே. பங்குப்பணத்தை நீக்குவது கதவைத் திறப்பது போன்றது. கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஓர் ஆள் வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் சாதுரியமானது. மருந்தை இலவசமாக்குவதற்குப் பதிலாக, உண்போருக்குப் பரிசும் உண்ணாதோருக்கு அபராதமும் விதிக்கலாகாதா என்பது அது. பரிசைப் பற்றிய பரீட்சையும் நடந்தாயிற்று. மாரடைப்புற்ற 1,509 பேரைக் கொண்ட ஒரு பரீட்சையில், திறந்தால் தானே செய்தியனுப்பும் மருந்துக் குப்பிகளும், முந்தின நாள் மருந்துண்டவருக்கு மட்டும் லாட்டரிப் பரிசும், நண்பர் ஒருவரின் துணையும் ஒரு சாராருக்கு அளிக்கப்பட்டன. 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, மருந்துண்ணும் அளவிலோ, மீண்டும் ஆஸ்பத்திரி சேர்வதிலோ, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இயந்திரக் குப்பி மனிதத் துணைக்கு ஈடாகாது போலும். அபராதமோ இதனினும் கொடிது. உண்ணாதவன் யார்? பெரும்பாலும் குறைந்த சம்பளக்காரன், இரவு வேலை செய்பவன், மனச்சோர்வுற்றவன், பல நோய்களால் வாடுபவன். அவனிடம் மேலும் பணம் பறித்தல், தடுமாறுகிறவன் முதுகிற் சுமையேற்றுதலாகும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி நோக்குமிடத்து, சிப்பந்திகளுக்கு வைத்தியச் சகாயம் வகுக்கும் ஸ்தாபனத்தார் நான்கு விதிகளைக் கைக்கொள்ளுதல் தகும் என்பது எமது கருத்து.

முதல் விதி: ஆயுளைக் காக்கும் என்று ஐயமற நிறுவப்பட்ட நெடுநாள் மருந்துகளுக்குப் பங்குப்பணம் இருத்தலாகாது. இன்சுலின், இரத்தக் கொதிப்புக்கான மருந்துகள், மாரடைப்புக்குப் பின் உண்ணும் மருந்துகள் முதலியன அவ்வகையின. அவற்றின் பட்டியலைக் கணக்கர் அல்லாது மருத்துவர் வகுத்தல் வேண்டும்.

இரண்டாம் விதி: சலுகையைச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். அச்சடித்த நாற்பது பக்கப் புத்தகத்தின் மூலையிற் கிடக்கும் சலுகை, இல்லாத சலுகையே. மூன்று மாத மருந்தை ஒருங்கே கொடுத்தலும், எல்லா மருந்துகளும் ஒரே நாளில் தீருமாறு ஒழுங்கு செய்தலும், மருந்து வாங்கச் சம்பளத்துடன் ஒரு மணி நேரம் விடுதலும் சிறு காரியங்களாயினும் பெரும் பயன் தரத்தக்கவை.

மூன்றாம் விதி: ஓர் ஆள் வேண்டும். மருந்தாளரோ செவிலியரோ, நோயாளியின் பெயரறிந்து, ஏன் நிறுத்தினாய் என்று கடிந்து கொள்ளாமல், என்ன தடையுற்றது என்று வினவும் ஒருவர் வேண்டும்.

நான்காம் விதியை நாம் மிகவும் வற்புறுத்துகிறோம்: அவ்வாள் முதலாளியின் ஒற்றராக இருத்தலாகாது. எந்தச் சிப்பந்தி எந்த மருந்தை உண்கிறான் என்பது மேலதிகாரியின் மேசைக்குச் செல்லுமாயின், அடுத்த பதவி உயர்விலோ ஆட்குறைப்பிலோ அது பேசாது பேசும். அவ்வச்சம் எழுந்தபின், நோயுள்ளவன் மருந்தை மட்டுமன்றி மருத்துவரையும் விடுவான். மருந்து கொடுக்கும் கை வேறாகவும், சம்பளம் கொடுக்கும் கை வேறாகவும் இருத்தல் இன்றியமையாதது.

சட்டமும் இந்நெறியிற் சிறிது சிறிதாக நடக்கத் தொடங்கியிருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்திற் பெருந்தொகையைத் தொழிலாளரே ஏற்கும் திட்டங்களிலும், இன்சுலின் முதலிய சில மருந்துகளுக்கு அத்தொகை தீருமுன்னரே பணம் கொடுக்கலாம் என்று அமெரிக்க வரி இலாகா 2019-ஆம் ஆண்டு ஜூலையில் அனுமதித்தது. ஆனால் அது அனுமதியேயன்றிக் கட்டளையன்று. 2022-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, முதியோருக்கான அரசாங்கத் திட்டத்தில் இன்சுலினுக்கு நோயாளி செலுத்தும் பங்கு 2023 முதல் மாதத்துக்கு 35 டாலருக்கு மேற்படலாகாது என்றாயிற்று. நம் நாட்டிலோ, 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசாங்க இன்ஷியூரன்ஸ் சட்டம், சம்பளத்திலிருந்து சிறு சந்தாவைப் பெற்றுக்கொண்டு, சிகிச்சையின்போது பங்குப்பணம் கேளாத முறையைத் தொடக்கத்திலேயே வகுத்தது. அந்த அளவில் நாம் பின்தங்கியவரல்லேம். ஆயினும் அச்சட்டத்துக்கு வெளியே நிற்கும் தொழிலாளர் கோடிக்கணக்கானோர். உள்ளிருப்போருக்கும் ஆஸ்பத்திரியிற் படுத்தபின் ஆகும் செலவைவிட, படுக்காமற் காக்கும் தினசரி மாத்திரையே நெடுநாளைய கவலை. தனியார் கம்பெனிகள் எடுக்கும் இன்ஷியூரன்ஸ் திட்டங்கள் பலவும் ஆஸ்பத்திரிச் செலவுக்கே உதவுகின்றன. மாதந்தோறும் மருந்துக் கடையில் ஆகும் செலவைத் தொடுவதில்லை. வீடு எரிந்தபின் ஈடு கொடுப்பேன், தண்ணீருக்குக் காசு தரமாட்டேன் என்னும் ஏற்பாட்டை யார் புத்திசாலித்தனம் என்பர்?

இக்கல்லூரியினின்று செல்லும் மாணவர் பலர் நாளை அலுவலகங்களில் மேலாளராகவும், கணக்கராகவும், மருத்துவராகவும் அமர்வர். பழைய மாணவர் சிலர் இன்றே அத்தகைய ஆசனங்களில் இருக்கின்றனர். ஆண்டுதோறும் ஒரு நாள் அவர்கள் முன்னே இன்ஷியூரன்ஸ் ஒப்பந்தத்தின் நகல் வந்து நிற்கும். குறைந்த சந்தாவுள்ள திட்டத்திற் கையெழுத்திடுதல் எளிதாயிருக்கும். அன்று அவர்கள் ஒரே ஒரு வினாவை எழுப்புவார்களாக: நம் அலுவலகத்திற் குறைந்த சம்பளம் பெறும் நீரிழிவுக்காரர், மாதக் கடைசியில் இத்திட்டத்தைக் கொண்டு தம் மருந்தை வாங்க இயலுமா? இயலாதெனின், அத்திட்டம் எத்துணை மலிவாயினும், கையெழுத்திடுமுன் அதனைத் திருத்துமாறு கேட்பதே அவர்கள் கடமையாகும்.